பின்னால் பத்தடி

மேட்டூர்
ஸ்ரீமுக வருடம், சித்திரை 12

அன்புள்ள அக்கா சௌந்திரத்துக்கு,

தம்பி செங்கோட்டையன் வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். வெயில்தான் தாங்க முடியவில்லை. அணைக்கு அடுக்கிய கருங்கல்லெல்லாம் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்குகிறது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மயிலம்மாளுக்கு உடம்பு தேறிவிட்டது. பேச்சுத்தான் இன்னும் குறைவு.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்து வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த வருஷம் அணை வேலை முடிந்துவிடும். முடிந்ததும் ஸ்டோர் குமாஸ்தாவுக்கு இங்கே என்ன வேலை? வீட்டுக்குப் போ என்பார்கள். மோகனூர்ப் பக்கம் கிணற்றோடு ஒரு தோட்டம் விலைக்கு வருகிறது. கார்த்திகை வரைக்கும் எனக்காக வைத்திருப்பதாக அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் காத்திருக்க மாட்டார். அப்பா போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் ஒண்டியாகக் கிடப்பதும் எனக்குச் சரிப்படவில்லை. மூன்று பேருமாகத் தோட்டத்துக்குப் போய்விடலாம்.

வாங்குகிறவர் பஸ் அங்கமுத்து. நாமக்கல்லுக்கு இரண்டு பஸ் விட்டிருக்கிறாரே, அவர்தான். அவருக்கு வீட்டைவிட, அதன் கிழக்கே தெருவிலிருந்து பின்சந்து வரைக்கும் கிடக்கிற காலியிடத்தின்மேல்தான் கண். வீட்டுச் சுவரோடு சேர்த்து அங்கே பஸ் கொட்டகை இறக்க வேண்டுமாம். கொட்டகையின் பின்கோடியில், பஸ்ஸுக்கு அடியில் ஆள் இறங்கி நின்று ரிப்பேர் பார்க்க ஒரு பள்ளம் தோண்ட வேண்டுமாம். முனிசிபாலிட்டி உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் கிரயம் இல்லை என்கிறார். அவர் பேரில் மனுப் போட்டால் தெருக்காரர்கள் புகை, சத்தம் என்று ஆட்சேபிப்பார்கள். நம் பேரில் போட்டால் முகத்துக்காகப் பேசாமல் இருப்பார்கள். ஆகவே உத்தரவை நாம்தான் வாங்கித் தர வேண்டும்.

அவர் கொடுத்த பிளானை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள்தான் ஆபீசுக்கு நடக்க வேண்டும். பள்ளம் வருகிற இடத்தில் மாதுளை நிற்கிறது. அதை இப்போதே வெட்டி அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
தம்பி செங்கோட்டையன்


சேலம், செவ்வாய்ப்பேட்டை
சித்திரை 20

தம்பி செங்கோட்டையனுக்கு அக்காளின் ஆசீர்வாதம்.

என் மூட்டுவலி சௌக்கியமாக இருக்கிறது. தோட்டத்துக்கும் கூடவே வருவதாகச் சொல்கிறது. மயிலம்மாளுக்கு வாரத்தில் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லு. பேசச் சொல்லி வற்புறுத்தாதே.

வீட்டை விற்பதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுவேன் என்று பயந்துதான் இத்தனை நியாயம் எழுதினாயா? மழை வந்தால் இந்த வீட்டில் நனையாத மூலை சமையலறையில் ஒன்றுதான். அதிலும் எலிகள் எனக்கு முன்பே குடியேறிவிட்டன. நாளைக்கே சாவியைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று. அந்தக் காலியிடத்தின் பின்சுவரிலிருந்து பத்தடிக்குள் தோண்டக் கூடாது. கட்டக் கூடாது. மாதுளையை வெட்டவும் கூடாது. நம் கையில் இருக்கும் வரைக்கும் மட்டும் இல்லை, விற்ற பிறகும்தான். இதைத் தவிர நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

காரணம் கேட்பாய். பின்சந்தில் சாக்கடை ஓடுவது உனக்கு மறந்துவிட்டதா? மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் ஊறி நிற்கும். அங்கே பள்ளம் தோண்டினால் அங்கமுத்து தன் பஸ்ஸை எருமை மாதிரி குளிப்பாட்டலாம், ரிப்பேர் பார்க்க முடியாது. பள்ளத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொள்ளட்டும். அப்படியே நான் ஒரு பிளான் போடச் சொல்லி வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலில் அனுப்பு.

அக்கா,
சௌந்திரம்


மேட்டூர்
வைகாசி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருவரும் நலம். நீங்கள் சொன்னபடி எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள்.

அங்கமுத்துவைச் சந்தைக்கு வந்தபோது பிடித்துப் பேசினேன். "தெருப்பக்கம் பள்ளம் இருந்தா ரெண்டு பஸ்ஸும் எப்படீங்க உள்ள போவும்? ஒண்ணு ரிப்பேர்ல நின்னா இன்னொண்ணு தெருவுல நிக்கோணும். பின்னால இருந்தாத்தான் தோதுங்க" என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. பஸ் அவருடையது. காசும் அவருடையது.

ஒரு மரத்துக்காகவா அக்கா இந்தப் பிடிவாதம்? தோட்டத்தில் வரப்பு நெடுகப் பத்து மாதுளை வைத்துத் தருகிறேன். நீங்கள் அனுப்பிய பிளானைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். அங்கமுத்துவின் பிளானில்தான் போட்டு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து அதை ஆபீசில் கொடுத்துவிடுங்கள். வைகாசி முடிவதற்குள் கொடுத்தால்தான் கார்த்திகைக்குள் எல்லாம் முடியும். தோட்டம் கைவிட்டுப் போனால் அணை வேலை முடிந்ததும் நாம் மூன்று பேரும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்


சேலம்
ஆனி 3

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு உடம்பு காரணம் இல்லை. முனிசிபாலிட்டி ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். நீ அனுப்பிய பிளானும் கையில் இருந்தது, நான் போட்ட பிளானும் இருந்தது.

முதல் நாள் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஆம்பளையாளு யாரும் இல்லீங்களா?"

"இருக்கறாருங்க. காவேரிக்கு அணை கட்டிட்டு இருக்கறாரு. அது முடியட்டும்னு பாத்தா நீங்க ரிட்டையராயிருவீங்க. அதான் நான் வந்தேன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு உட்கார நாற்காலி கிடைத்தது. சட்டப்படி பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டேன்.

"பத்தடி காலியா உடோணுமுங்க. காத்து, வெளிச்சம், தீப்பிடிச்சா ஆள் ஓட, எல்லாத்துக்கும்தான். இடம் பத்தலீன்னா சலுகை கேட்டு தனியா ஒரு மனுப் போடலாம். கமிட்டியில வெச்சு முடிவு பண்ணுவாங்க."

எனக்கு அங்கேயே எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. நான் ஏதோ என் இஷ்டத்துக்குப் பத்தடி கேட்டேன் என்று நினைத்தாயே, சட்டமும் அதையே கேட்கிறது! அங்கமுத்துவின் பிளான் பின்சுவர் வரைக்கும் போகிறது. அதற்குச் சலுகை மனு தயாராகப் பின்னால் குத்தி வைத்திருக்கிறார். அதிலும் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். படித்துப் பார்த்தாயா?

அந்தப் பிளானை நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். என் பிளானில் நீ கையெழுத்துப் போடாததால் அதையும் கொடுக்க முடியவில்லை. இரண்டும் அலமாரியில் இருக்கின்றன. நீ மனம் மாறுகிற வரைக்கும் அங்கேயே இருக்கும்.

மயிலம்மாளுக்கு நல்லெண்ணெய் ஒரு குப்பி ஆள் மூலமாக அனுப்பியிருக்கிறேன்.

சௌந்திரம்


மேட்டூர்
ஆனி 25

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வந்த கோபம் தணியட்டும் என்றுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை. தணிந்தபின் யோசித்தேன். வீட்டின் மேல் ஆசை இல்லை என்கிறீர்கள். மரத்துக்குப் பதில் பத்து மரம் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது அந்த மண். விற்ற பிறகும் தோண்டக் கூடாது என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது கட்டிலைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போடச் சொன்னார். கடைசி வரைக்கும் அந்த மாதுளையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என் கையைப் பிடித்து "அந்தப் பக்கம் பாத்துக்கோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் காசுமாலையும் ஒட்டியாணமும் எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருட்டுக்குப் பயந்து மண்ணில் வைப்பது நம் பெரியவர்களுக்குப் புதிதில்லையே. அங்கே அப்பா எதையோ வைத்திருக்கிறார். உங்களுக்கும் அது தெரியும்.

உங்கள் பங்கை நான் பிடுங்கிக்கொள்வேன் என்று பயமா? நீங்கள் எடுத்துக்கொண்டு மிச்சம் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் என்னிடம் மறைத்தீர்களே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆடி கழியட்டும். ஆவணியில் இரண்டு ஆட்களோடு வருகிறேன். தோண்டிப் பார்த்துவிட்டு, மூடி, மனுவைப் போடுவோம்.

செங்கோட்டையன்


சேலம்
ஆனி 30

தம்பிக்கு,

அம்மாவின் காசுமாலையும் ஒட்டியாணமும் நீ நாமக்கல்லில் படித்த படிப்பில் போயின. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த மண்ணுக்கு அடியில் பொன் இல்லை, பணம் இல்லை, பாத்திரம் இல்லை. மாரியம்மன்மேல் ஆணை.

ஆட்களோடு வராதே. வந்து கடப்பாரையை ஓங்கினால் நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு உன் தோட்டத்துக்கும் வர மாட்டேன், உன் வாசலையும் மிதிக்க மாட்டேன். உன்மேல் இருக்கிற பாசத்தில்தான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

மயிலம்மாளைக் கேட்டதாகச் சொல்லு.

சௌந்திரம்


மேட்டூர்
ஆடி 18

நங்கையாளுக்கு, உங்கள் தம்பி மனைவி மயிலம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய எண்ணெய் நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு நொச்சி இலை வைத்துக் கட்டிப் பாருங்கள்.

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. கேம்பில் இருக்கிற எல்லோரும் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். உங்கள் தம்பியும் போயிருக்கிறார். நான் போகவில்லை. தனியாக இருப்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அவர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். நான் ஒன்றும் சொல்வதில்லை. போன மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பொன் இல்லேங்கறாங்க. அப்புறம் என்னத்துக்கு மயிலா இந்தப் பாடு?" என்றார். இன்னும் நம்பவில்லை. ஆவணி முதல் வெள்ளிக்கு இரண்டு ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது நங்கையா.

போன வருஷம் என் மகன் போனபோது நான் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். உங்கள் தம்பியும் ஸ்டோர் சாமான் எடுக்க வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எடுத்துப்போய் ஆற்றுச் சரிவில் வைத்தார்கள். எழுந்த பிறகு கேட்டேன். ஒருவர் இந்தப் பாறைக்குக் கீழே என்றார், இன்னொருவர் அந்தப் பாறைக்குக் கீழே என்றார். எந்தப் பாறையாக இருந்தாலும் அணை நிறைந்ததும் அந்த இடமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். இடம் தெரிந்திருந்தால் நானும் உங்களைப்போல பத்தடிக்காகச் சண்டை போட்டிருப்பேன்.

நான் கேட்பது தப்பாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். ஆணா, பெண்ணா?

மயிலம்மாள்


சேலம்
ஆடி 23

அம்மிணி மயிலம்மாளுக்கு,

பெண்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கெல்லாம் உட்கார்ந்திருந்தேன். குமாஸ்தாவிடம் சண்டை போடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தேன். பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டது. நான் மட்டும் என் அம்மாவின் பெயரைச் சொல்லிச் செல்லாயி என்று கூப்பிட்டிருந்தேன். பல் முளைக்காத பிள்ளையை நம் பக்கத்தில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டெல்லைக்குள் வைத்தால் அதே வயிற்றுக்குத் திரும்பி வரும் என்பார்கள். ஊர்நாட்டில் இதை யாரும் கேட்கப் போவதில்லை. டவுனில் அது சட்டப்படி குற்றம். அப்பாவுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் பின்சுவர் ஓரம் வைத்து, மேலே அந்த மாதுளையை நட்டார். ஆற்றங்கரையில் வைத்ததாக ஊருக்குச் சொன்னார். தம்பி அப்போது சிறு பையன், நாமக்கல்லில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதையேதான் சொன்னோம்.

அவள் திரும்பி வரவில்லை. நான்தான் திரும்பி வந்தேன், என் வீட்டுக்காரர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு.

இப்போது பார், எந்த முனிசிபாலிட்டிக்குத் தெரியக் கூடாதோ அதன் முத்திரையைத்தான் நான் நம்பியிருக்கிறேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உத்தரவு இல்லாமல் வீட்டை விற்றால், வாங்குகிறவர் எப்போது வேண்டுமானாலும் அங்கே கடப்பாரை போடலாம். வாய் வார்த்தையாக வாக்குக் கொடுத்தாலும் அவர் காலத்தோடு போய்விடும். கொட்டகைக்கு உத்தரவு வாங்கி, மற்ற இடமெல்லாம் கொட்டகைக்குள் போய்விட்டால், காலியாக விட வேண்டிய பத்தடிக்கு வேறு இடமே இருக்காது. எத்தனை கை மாறினாலும் அது காலியாகவே கிடக்கும். அதற்காகத்தான் விற்பதற்கு முன்பே, நம் பேரிலேயே, என் பிளானே வேண்டும் என்கிறேன்.

போன வருஷம் உனக்கு நடந்தபோது வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல நினைத்தேன். உன் துக்கத்துக்கு நடுவில் என் துக்கத்தைக் கொண்டுவந்து வைப்பதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்கலாம்.

தம்பியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். ஆவணி வெள்ளிக்கு முன்னால் முடிவு செய். அலமாரியில் இருந்த என் பிளானையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

சௌந்திரம்


மேட்டூர்
ஆவணி 4

அக்கா,

மயிலம்மாள் உங்கள் கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். படித்து முடித்ததும் நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அப்புறம் அவள்தான் பேசினாள். ஒரு வருஷத்துப் பேச்சையும் பேசினாள்.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் படிக்க வந்த வருஷம், அந்த மாதுளை என் இடுப்பு உயரம்கூட இல்லை. அப்பா தினமும் காலையில் என்னை எழுப்பி, "ஒரு கொடம் ஊத்திப்போட்டு அப்புறம் பொஸ்தகத்தை எடு சாமி" என்பார். மறந்துவிட்டால் சோறு கிடையாது. கிழவருக்கு ஒரு செடியின்மேல் இத்தனை கிறுக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவேன். இரண்டு வருஷம் ஊற்றினேன் அக்கா. யாருக்கு ஊற்றினேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதே இடத்துக்கு நான் கடப்பாரைக்கு ஆள் சொல்லியிருந்தேன்! ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பிளானில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அங்கமுத்துவுக்கும் எழுதிவிட்டேன். பள்ளம் தெருப்பக்கம்தான், பின்னால் பத்தடி காலி, சம்மதமானால் வாங்கட்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்பதாக இல்லை என்று. தோட்டம் போனால் போகட்டும். வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

உங்கள்,
செங்கோட்டையன்


சேலம்
புரட்டாசி 27

தம்பிக்கும் அம்மிணிக்கும் ஆசீர்வாதம்.

தோட்டம் எதற்குப் போக வேண்டும்? இரண்டையும் வாங்கிவிடலாம் என்று நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது, நீ பாட்டுக்குத் தியாகம் செய்யக் கிளம்பிவிட்டாயே!

மனுவை ஆவணியிலேயே கொடுத்துவிட்டேன். அங்கமுத்து உன் கடிதம் கிடைத்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "நாமக்கல் ரோட்டுல எனக்கு வேற எடம் கெடைக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. நான் அவருக்கு ஆள் அனுப்பினேன், இப்போதே வந்து பார்க்கச் சொல்லி. வெள்ளை வேட்டியும் புது ஜோடுமாக வந்தார். "பள்ளம் தோண்டற எடத்துல போயி நின்னு பாருங்க" என்றேன். நாலு எட்டு வைத்தார். ஒரு கால் ஜோடு சேற்றோடு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதை மொதல்லயே சொல்றதுதானுங்க?"

"சித்திரையிலேயே சொன்னனுங்க. வெயில்ல சொன்னதால உங்களுக்கு வெளங்கலே."

தெருப்பக்கம் போய்க் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். அங்கே மண் கல்லாக இருந்தது. ஒரு பஸ் தெருவில் நின்றாலும் பரவாயில்லை, பள்ளத்தில் தண்ணீர் நின்றால்தான் வம்பு என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் அங்கமுத்துவையும் கூட வைத்துக்கொண்டு ஓவர்சியர் சங்கிலி பிடித்து அளந்தார். நல்ல மனிதர். "அந்த மரத்தை எடுத்துட்டா, பின்னால ஒரு ஷெட்டுக்குச் சலுகை கேக்கலாமே" என்று எனக்கு நல்லது செய்யப் பார்த்தார். வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன். இப்படிச் சலுகை வேண்டாம் என்கிற மனுதாரரை அவர் பார்த்ததில்லையாம்.

கடைசியில் உத்தரவு எழுதுகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. குமாஸ்தா பிளானில் முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார். அதில் பின்பக்கத்துப் பத்தடி வெறும் வெள்ளையாக இருந்தது.

"இந்த எடம் காலியா கெடக்கோணும்னு எழுதலீங்களே?"

"அது சட்டத்துலயே இருக்குதுங்க அம்மிணி. எழுதறது வழக்கமில்லே."

"சட்டம் உங்க பீரோவுல இருக்குதுங்க. ஊட்டை வாங்கறவரு கையில இந்தக் காயிதந்தான இருக்கும்? இதுல எழுதுங்க."

அவர் முடியாது என்றார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். திரும்பி வந்தார்கள். நான் அப்படியே இருந்தேன். பெரிய அதிகாரி அந்தப் பக்கம் போனவர் என்னவென்று விசாரித்துவிட்டு, "எழுதிக் கொடுய்யா. சட்டத்தை எழுதச் சொல்லிக் கேக்கற ஆளை என்னைக்குக் கண்டோம்?" என்றார். குமாஸ்தா சிவப்பு மையைத் தொட்டு எழுதினார். நான் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். "பின்புறம் பத்தடி எக்காலத்திலும் காலியாக விட வேண்டியது. கட்டடமோ பள்ளமோ கூடாது."

எக்காலத்திலும் என்று அவராகவே எழுதினார் தம்பி. நான் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். மழை தூறியது, யாருக்கும் தெரியவில்லை.

லீவு போட்டு வா. கிரயத்துக்கு நாள் பார்க்கலாம்.

அக்கா


சேலம்
கார்த்திகை 8

அம்மிணி மயிலம்மாளுக்கு,

நங்கையாள் எழுதுவது. நொச்சி இலை கேட்கிறது. முழங்கால் மடக்க வருகிறது. நீ இரண்டு வேளையும் சாப்பிடுவதாகத் தம்பி சொன்னான். சந்தோஷம்.

கிரயப் பத்திரம் எழுதி முடித்து அவன் மோகனூருக்குப் போயிருக்கிறான். தோட்டத்துக்காரர் வாக்குத் தவறாமல் காத்திருந்தார். நான் இங்கே சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, நேற்றுச் சாவியைக் கொடுத்தேன். பத்திரத்தோடு பிளானையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். சிவப்பு மை எழுத்தை அங்கமுத்துவையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

படித்து முடித்துவிட்டு அவர் மாதுளைப் பக்கம் பார்த்தார். கேட்டுவிடப் போகிறார் என்று எனக்குத் திக்கென்றது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார். "எங்க தோட்டத்துலயும் கெணத்து மேட்டுல ஒரு எடம் உண்டுங்க. எங்கம்மா சாவற மட்டும் அங்க மம்பட்டி வெக்க உடலே. அன்னைக்கு நீங்க சலுகை வேண்டாம்னு ஓவர்சியரைக் கும்பிட்டதைப் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். மரத்தை நான் பாத்துக்கறேன், நீங்க தகிரியமா போங்க."

சிவப்பு மை எழுதாமல் விட்டிருந்தாலும் இந்த மனிதர் தோண்டியிருக்க மாட்டார். ஆனாலும் எழுதி வாங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை. இவருக்கு அடுத்து வருகிறவர் எப்படியோ!

வெளியே வரும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்றிரவும் எதிர்வீட்டுக் குப்பாயி வீட்டில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் அங்கமுத்துவின் பஸ்ஸிலேயே நாமக்கல் வழியாக மோகனூருக்குப் புறப்படுகிறேன். நீயும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு.

தோட்டத்தில் கிணற்றுக்குப் பக்கமாகப் பத்தடி உழாமல் விடச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அங்கே அடியில் ஒன்றும் இருக்காதுதான். உன் பிள்ளை ஆற்றுக்கு அடியில் இருக்கட்டும், அவனுக்காக நீ நின்று பார்க்க ஒரு இடம் வேண்டாமா? முற்றிய மாதுளம்பழம் நாலு பறித்து வைத்திருக்கிறேன். விதை ஊன்ற வேண்டியது நீ. காலையில் எழுந்து குடம் தூக்க வேண்டியது தம்பி. அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது பழக்கம்தான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சௌந்திரம்